காற்று இல்லாதபோதே பலூன் விடு!



"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்ற பழமொழியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நம்ம ஊர்க் களத்தில் நெல் தூற்றுவதையும் பார்த்திருக்கிறோம். காற்று வந்தால்தான் பதர் பறக்கும், நெல் காலடியில் விழும். ஆனால் காற்று வந்தால் செய்யவே கூடாத ஒரு வேலையும் இருக்கிறது. அதுதான் வெப்பக்காற்று பலூன் விடுவது. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவில்லை. ஒரு வைக்கோல் படப்பு எரிந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையையும், அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்ட அறிவியலையும் இந்தத் தாளில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். இன்டர்வெல்லில் பாதி, சாப்பாட்டு நேரத்தில் பாதி என்று படிக்கலாம்!

பொள்ளாச்சியில் பார்த்தது

என் மாமா வீடு பொள்ளாச்சிப் பக்கம். அங்கே 2015-ஆம் ஆண்டு முதல் தை மாதத்தை ஒட்டி பலூன் திருவிழா நடக்கிறது. தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழா என்று பெயர். 2025 ஜனவரியில் நடந்தது பத்தாவது திருவிழா. அந்த வருடம் சென்னைப் பக்கமும் மதுரையிலும்கூட நடத்தினார்கள். பொங்கல் லீவுக்குப் போயிருந்தபோது மாமா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்.

விடிவதற்கு முன்பே எழுப்பி விட்டார். எனக்கு ஒரே கோபம். "பலூன் எங்க ஓடியா போகுது, ஒன்பது மணிக்குப் போனா என்ன?" என்று கேட்டேன். "ஒன்பது மணிக்குப் போனா வெறும் கிரவுண்டுதான் இருக்கும்" என்றார் மாமா.

நாங்கள் போனபோது லேசாக இருட்டு. பெரிய துணிகளைத் தரையில் நீளமாக விரித்துப் போட்டிருந்தார்கள். அப்போது ஒருவர் பிறந்தநாள் பலூன் மாதிரி ஒரு சின்னப் பலூனை மேலே விட்டார். அது போகிற திசையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு பெரிய பலூனைக் கொண்டு வந்துட்டு, இத்துனூண்டு பலூனை விட்டு விளையாடுறாங்க!" என்று தம்பி சொன்னான். நாங்கள் சிரித்தோம். சிரித்தது எவ்வளவு தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் மின்விசிறி வைத்துத் துணிக்குள் காற்றை அடித்தார்கள். பர்னரில் நெருப்பு "புஸ்ஸ்ஸ்" என்று சீறியது. படுத்துக் கிடந்த பலூன் எழுந்து நின்றது. பிறகு ஒவ்வொன்றாக மேலே போனது. நான் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஊருக்குப் போனதும் நாமும் ஒன்று செய்து விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பலூனின் நிறம், உயரம், நெருப்பு எல்லாவற்றையும் கவனித்த நான், விடிகாலையில் விட்டார்கள் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

எங்கள் களத்தில் நடந்தது

கோடை லீவில் காலேஜ் படிக்கிற பெரியப்பா மகன் அண்ணன் வந்திருந்தார். அண்ணன், நான், தம்பி மூன்று பேரும் சேர்ந்து மூன்று நாள் உட்கார்ந்து ஒரு காகிதப் பலூன் செய்தோம். வண்ணத் தாள், மூங்கில் சிம்பில் ஒரு வளையம், நடுவில் கம்பியில் கட்டிய பஞ்சு. என் உயரத்துக்கு மேலே இருந்தது.

சாயங்காலம் 4 மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற களத்துக்குக் கொண்டுபோனோம். வேடிக்கை பார்க்கத் தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். காற்று கொஞ்சம் இருந்தது. "பட்டம் விடுறதுக்குக் காத்து நல்லதுதானே, பலூனுக்கும் நல்லதாத்தான் இருக்கும்" என்று நான்தான் சொன்னேன்.

வளையத்தை ஒரு பக்கம் நானும் இன்னொரு பக்கம் தம்பியும் பிடித்துக்கொண்டோம். பஞ்சு பற்றியது. தாள் மெதுவாக உப்பியது. பாதி உப்பும்போது மேற்கே இருந்து ஒரு காற்று விசுக்கென்று வந்தது. பலூனின் ஒரு பக்கம் உள்ளே அமுங்கி, தாள் நெருப்பில் பட்டது. "விட்டுரு, விட்டுரு!" என்று அண்ணன் கத்தினார். தம்பி விட்டுவிட்டான். நான் விடவில்லை. மூன்று நாள் வேலையாச்சே! இழுத்துப் பிடித்தேன். சூடு கைக்கு வந்ததும்தான் விட்டேன். எரிகிற பலூன் ஒரு பக்கமாகச் சாய்ந்து போய், பக்கத்து வீட்டு அத்தையின் வைக்கோல் படப்பு மேலே விழுந்தது.

குடம், வாளி, பம்புசெட்டுத் தண்ணீர் என்று தெருவே ஓடி வந்தது. பாதிப் படப்பு போய்விட்டது. அத்தைக்கு இரண்டு பசு மாடுகள். அதுங்களுக்கு அதுதான் தீவனம். அத்தை எங்களைத் திட்டவே இல்லை. "பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?" என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்பா ஒரு வண்டி வைக்கோல் வாங்கிப் போட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மனதில் நின்றது. பொள்ளாச்சியில் அத்தனை பெரிய நெருப்பு. ஒன்றும் ஆகவில்லை. எங்கள் சின்ன நெருப்பு ஏன் இப்படிச் செய்தது?

அப்பத்தா சொன்ன பதில்

முதல் பதிலை அப்பத்தாதான் சொன்னார். "ஏன்டி, வெயில் ஏறுனாத்தானே காத்து வரும்? விடியக்காலையில யாராச்சும் நெல்லு தூத்துவாங்களா? நீ காத்து வர்ற நேரமாப் பாத்து நெருப்பை வச்சுக்கிட்டு நின்னிருக்க!"

பள்ளி திறந்ததும் இதை அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். அப்பத்தா சொன்னது முழுக்க அறிவியல் என்றார். ராத்திரி தரை குளிர்ந்து போகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி அசையாமல் படுத்துக்கொள்கிறது. வெயில் ஏறியதும் தரை சூடாகிறது. சூடான காற்று குமிழ் குமிழாக மேலே போக, அந்த இடத்தைப் பிடிக்க வேறு காற்று ஓடி வருகிறது. அதனால்தான் மத்தியானத்துக்கு மேலே காற்று விட்டு விட்டு, விசுக் விசுக்கென்று அடிக்கிறது. பலூன் பைலட்டுகள் சூரியன் உதித்த உடனேயோ, மறைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயோ பறப்பதற்கு இதுதான் காரணம்.

காலையில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிக்காற்று குளிர்ச்சியாக இருப்பதால், குறைந்த சூட்டிலேயே பலூன் எழும்பும்.

ஆனால் காலையிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. தரையில் இலைகூட ஆடாது. கொஞ்சம் மேலே போனால் காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற அந்த வேகக் காற்று கீழே இறங்கி வந்துவிடும். அது தெரியத்தான் பொள்ளாச்சியில் முதலில் அந்தச் சின்னப் பலூனை விட்டார்கள். அது எந்த உயரத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்துத்தான் பெரிய பலூனை எடுப்பதா, மடிப்பதா என்று முடிவு செய்வார்கள். நாங்கள் சிரித்தது அதைப் பார்த்துத்தான்!

காற்றுக்கும் கனம் உண்டு

இப்போது ஒரு கணக்கு. நாலைந்து பேர் ஏறுகிற ஒரு பலூனின் கொள்ளளவு 2,800 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே ஒரு கன மீட்டர் சுமார் 0.95 கிலோ.

பலூன் இருக்கிற இடத்தில் இருந்திருக்க வேண்டிய வெளிக்காற்று: 2,800 × 1.2 = 3,360 கிலோ.
பலூனுக்குள் இருக்கிற சூடான காற்று: 2,800 × 0.95 = 2,660 கிலோ.
வித்தியாசம்: 700 கிலோ.

இந்த 700 கிலோதான் துணி, கூடை, கேஸ் சிலிண்டர், ஆட்கள் எல்லாவற்றையும் தூக்குகிறது. கணக்கில் எல்லோரும் இந்த 700-ஐத்தான் பார்ப்போம். டீச்சர் என்னை 2,660-ஐப் பார்க்கச் சொன்னார். பலூனுக்குள் இருக்கிற காற்றே ஒரு சாதாரண டிராக்டரைவிடக் கனம்! அது ஒரு பக்கம் நகர ஆரம்பித்தால் கையால் பிடித்து நிறுத்த முடியுமா? ஓடுகிற டிராக்டரைக் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவது மாதிரிதான்.

இன்னொன்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், அது தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும். மூன்று மடங்கு வேகம் என்றால் ஒன்பது மடங்கு விசை. நாலு பேர் பிடித்து நிறுத்திய பலூனைக் காற்று இரண்டு மடங்கு ஆனதும் பிடிக்கப் பதினாறு பேர் வேண்டும். காற்றோ அரை நிமிடத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடும். பதினாறு பேருக்கு எங்கே போவது?

வானத்தில் பயமில்லை, தரையில்தான் பயம்

நான் தெரிந்துகொண்டதிலேயே ரொம்ப ஆச்சரியமான விஷயம் இதுதான். மேலே போன பலூனில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் காற்றே தெரியாது! பலூன் காற்றோடு சேர்ந்து அதே வேகத்தில் போகிறது. ஆற்றோடு மிதந்து போகிற இலைக்குத் தண்ணீர் அடிப்பது தெரியாது இல்லையா, அது மாதிரி. அதே இலையை ஒரு நூலில் கட்டி ஆற்றில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அதைப் போட்டு அடிக்கும், கிழிக்கும்.

பலூனைத் தரையில் கட்டி வைத்திருக்கிற நேரம், கையில் பிடித்திருக்கிற நேரம், அந்தச் சில நிமிடங்கள்தான் காற்று எதிரி. நாங்கள் வளையத்தைப் பிடித்திருந்தது அந்த நேரத்தில்தான்.

உலகத்தில் மனிதர் கட்டில்லாமல் பறந்த முதல் பலூனுக்கே இது நடந்திருக்கிறது. 1783 நவம்பர் 21. பிரான்ஸ் நாட்டில் பாரீஸ் பக்கம் மான்கோல்ஃபியர் சகோதரர்கள் செய்த பலூன். கிளம்பும் முன்னால் கயிறு கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். காற்று பலூனை நேரே மேலே விடாமல் தோட்டத்துப் பாதைப் பக்கம் தள்ளியது. பிடித்த கயிறுகளே இழுத்துப் பலூனைப் பல இடத்தில் கிழித்துவிட்டன. இரண்டு மணி நேரத்துக்குள் தைத்துச் சரி செய்து, அதே நாளில் இரண்டு பேர் பறந்தார்கள். நம்மைப் போலத்தான் முதலில் அவர்களும் காற்றிடம் பாடம் கற்றிருக்கிறார்கள்.

கிளம்பும் நேரத்தில் காற்று செய்யும் நான்கு ஆபத்துகள்

1. துணி நெருப்பில் படுவது. பாதி உப்பிய பலூன் தொளதொள என்று இருக்கும். காற்று அடித்தால் ஒரு பக்கம் குழிந்து, வாய்ப்பக்கத் துணி நெருப்புக்கு வந்துவிடும். எங்களுக்கு நடந்தது இதுதான். 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேச மாநிலம் மந்த்சௌர் மாவட்டத்தில் காந்தி சாகர் என்ற இடத்தில் அந்த மாநில முதலமைச்சர் ஏறியிருந்த பலூன், காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் ஆனதால் எழும்பவே இல்லை. அடிப்பக்கத்தில் தீப்பற்றியது என்று செய்தி வந்தது. கூட இருந்தவர்கள் கூடையைப் பிடித்துக்கொண்டார்கள். நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை.

2. பொய்த் தூக்கல். ஒரு சோதனை செய்யுங்கள். நோட்டுத்தாள் ஒன்றைக் கீழ் உதட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, தாளுக்கு மேலே ஊதுங்கள். தொங்குகிற தாள் மேலே எழும்பும். கட்டி வைத்த பலூனின் வளைந்த தலை மேலே காற்று ஓடினாலும் இப்படித்தான், பலூன் கூடுதலாகத் தூக்கப்படும். "சூடு போதும், கிளம்பிவிட்டது" என்று பைலட் ஏமாந்து கயிறை விட்டால், பலூன் காற்றோடு சேர்ந்து ஓடத் தொடங்கும். அப்புறம் தலை மேலே ஓட காற்று ஏது? அந்தப் பொய்யான தூக்கல் மறைந்துவிடும். பலூன் திடீரென்று கீழே இறங்கும். அங்கே மரமோ கரண்ட் கம்பியோ இருந்தால்? அதனால்தான் காற்று இருக்கும்போது பைலட்டுகள் கூடுதலாகச் சூடாக்கிக்கொண்டு பிறகுதான் கயிறை விடுவார்கள்.

3. எதிரே இருக்கிற மரமும் கம்பியும். காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 5 மீட்டர். பலூன் வினாடிக்கு 2 மீட்டர் மேலே ஏறுகிறது என்போம். 20 மீட்டர் உயரத் தென்னை மரத்தைத் தாண்ட 10 வினாடி ஆகும். அதற்குள் காற்று அதை 50 மீட்டர் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். அப்படியானால் 50 மீட்டருக்குள் தென்னை இருந்தால் மோதல்தான்! காற்று வினாடிக்கு 1 மீட்டர் என்றால் 10 மீட்டர் இடம் போதும். மரத்தைவிட மோசம் கரண்ட் கம்பி. 2012 ஜனவரியில் நியூசிலாந்து நாட்டில் கார்ட்டர்டன் என்ற ஊரில் பலூன் கரண்ட் கம்பியில் பட்டு, அதில் இருந்த 11 பேரும் இறந்துபோனார்கள்.

4. கயிறைப் பிடித்தவர் மேலே போவது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. 2025 ஏப்ரலில் ராஜஸ்தான் மாநிலம் பாரான் நகரத்தில் ஒரு விழாவுக்குப் பலூனைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பலூன் திடீரென்று எழும்பியது. கயிறைப் பிடித்திருந்த ஒரு தொழிலாளி கயிறோடு மேலே போய்விட்டார். கயிறு அறுந்து விழுந்து இறந்துபோனார்.

பலூன் மட்டும் இல்லை, பெரிய பட்டமும் இப்படிச் செய்யும். 2021 டிசம்பரில் இலங்கையில் யாழ்ப்பாணம் மாவட்டம் பருத்தித்துறைப் பக்கம் பல இளைஞர்கள் சேர்ந்து ஒரு ராட்சதப் பட்டத்தை ஏற்றினார்கள். மற்றவர்கள் கயிறை விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. பட்டம் அவரை ஆகாயத்துக்குத் தூக்கிவிட்டது. அவர் கீழே விழுந்தும் உயிர் தப்பினார்.

ஏன் விடமாட்டேன் என்கிறோம்? பிடித்தால் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறோம். கால் தரையில் இருக்கும்வரை விடுவது சுலபம். ஓர் அடி உயரத்தில் விட்டால் ஒன்றுமில்லை. யோசித்துக்கொண்டே இருந்தால் தென்னை உயரம் போய்விடலாம். அப்புறம் விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. அதனால் பலூன் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே, "கயிறைக் கையில் சுற்றாதே, கால் தரையை விட்டு எழும்பினால் அந்த நொடியே விட்டுவிடு" என்பதுதான். அண்ணன் கத்தியபோது நான் விட்டிருக்க வேண்டும். மூன்று நாள் வேலை, மூன்று வண்ணத் தாள். அதற்காக இழுத்துப் பிடித்தேன்.

மலைப் பக்கத்து ஊருக்கு மலைப் பக்கத்துக் காற்று

பொள்ளாச்சிக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமான வாசல் மாதிரி. தை மாதம் கிழக்கே இருந்து வருகிற காற்று அந்த வாசல் வழியாகக் கேரளாவுக்குப் போகும். 2025 ஜனவரித் திருவிழாவில் பொள்ளாச்சியில் கிளம்பிய ஒரு பலூன் அந்தப் பக்கமே போய், பாலக்காடு மாவட்டத்தில் ஒரு நெல் வயலில் இறங்கியது. எல்லோரும் பத்திரம். பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. மேலே, கீழே போய் வேண்டிய திசைக் காற்றைத் தேடிப் பிடிக்கத்தான் முடியும். மாநில எல்லை காற்றுக்குத் தெரியுமா?

நம்ம தேவதானத்துக்கு மேற்கே வாசல் இல்லை, சுவர்தான். சாஸ்தா கோயில் ஓடையில் குளிக்கப் போனவர்களுக்கு இது புரியும். பெரிய பாறையைத் தாண்டி வருகிற தண்ணீர் பாறைக்குப் பின்னால் சுழிக்கும். மேலே ஒரு பக்கம் ஓடும், அடியில் வேறு பக்கம் இழுக்கும். மலையைத் தாண்டி வருகிற காற்றும் அப்படித்தான் மலைக்குக் கீழே சுழிக்கும். தண்ணீர்ச் சுழி கண்ணுக்குத் தெரியும், காற்றுச் சுழி தெரியாது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். அம்மியே பறக்கிற காற்றில் காகிதம் என்ன ஆகும்!

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. அந்த மலை வெறும் மலை இல்லை. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அங்கே இருக்கிறது. சாம்பல் நிற அணில்கள் வாழ்கிற காடு. அன்றைக்கு மேற்கே இருந்து காற்று வந்ததால் எங்கள் பலூன் படப்பில் விழுந்தது. கிழக்கே இருந்து வந்திருந்தால்? காய்ந்த புல்லில் ஒரு பஞ்சு போதும். படப்புக்கு அப்பா வைக்கோல் வாங்கிப் போட்டார். காட்டுக்கு யார் வாங்கிப் போடுவது? நெருப்போடு பறக்கிற காகிதப் பலூனைத் திருவிழா, புத்தாண்டு என்று யாராவது விடப் போனால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

காற்றை அளக்கக் கருவி வேண்டுமா?

வேண்டாம். கண் போதும். டீச்சர் சொல்லிக் கொடுத்த அளவுகள் இவை.

அடுப்புப் புகை நேரே மேலே போனால்: காற்று இல்லை.
புகை சாய்கிறது, இலை அசையவில்லை: மணிக்கு 5 கிலோமீட்டருக்குள்.
முகத்தில் காற்று தெரிகிறது, இலை சலசலக்கிறது: 6 முதல் 11 வரை.
இலையும் சின்னக் குச்சியும் நிற்காமல் ஆடுகிறது, சின்னக் கொடி விரிகிறது: 12 முதல் 19 வரை.
தூசியும் காகிதமும் பறக்கிறது: 20 முதல் 28 வரை.

பைலட்டுகள் பெரும்பாலும் நான்காவது நிலையிலேயே மடித்து வைத்துவிடுவார்கள். நாங்கள் விட்ட அன்றைக்குக் களத்தில் பதர் பறந்துகொண்டிருந்தது. அதாவது ஐந்தாவது நிலை!

துருக்கி நாட்டில் கப்படோசியா என்ற இடத்தில் தினமும் பலூன் பறக்கும். அங்கேயும் காற்றைப் பார்த்து அரசு அலுவலர்கள் அனுமதி கொடுத்தால்தான் கிளம்பலாம். இல்லையென்றால் எவ்வளவு தூரத்தில் இருந்து வந்தவர்களும் திரும்பிப் போக வேண்டியதுதான். நல்ல பைலட்டுக்கு அடையாளம் பறக்கிறது மட்டும் இல்லை. கூட்டம் கூடி நிற்கும்போது "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்கிறதும்தான். அன்று தெருப்பிள்ளைகள் கூடி நின்றதால்தான் எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு அழைப்பு

வரும் சனிக்கிழமை காலை 6.45 மணிக்கு நம் பள்ளி மைதானத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஒரு காகிதப் பலூன் விடுகிறோம். தலைமையாசிரியர் அனுமதி தந்துவிட்டார். பலூனில் நெருப்பு கிடையாது. தலைமுடி காய வைக்கிற ஹேர் டிரையரில் இருந்து சூடான காற்றை நிரப்பி, பிறகுதான் விடுவோம். எங்கள் விதிகள் இவை:

1. நெருப்பு எந்த உருவத்திலும் கிடையாது.
2. ஒரு கம்பில் நூல் கட்டி நட்டு வைப்போம். நூல் தொங்கினால் விடுவோம். படுத்தால் விட மாட்டோம்.
3. முதலில் பஞ்சுத் துணுக்கை மேலே ஊதிவிட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம்.
4. அந்தப் பக்கம் மரமும் கம்பியும் எவ்வளவு தூரம் என்று காலடியால் அளப்போம்.
5. நூலை யாரும் விரலில் சுற்றக் கூடாது.
6. டீச்சர் "விடு" என்றால் கேள்வி கேட்காமல் விட வேண்டும். இந்த விதியை நான்தான் எழுதினேன்.

பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டிருக்கிறேன். "நெருப்பு இல்லைன்னா வர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். அப்பத்தாவும் வருகிறார். காற்று வருமா வராதா என்று சொல்கிற பொறுப்பு அவருடையது.

அன்றைக்குக் காற்று இருந்தால் பலூனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவோம். அப்படி நடந்தால், சீக்கிரம் எழுந்து வந்தவர்கள் யாரும் எங்களைக் கிண்டல் செய்யக் கூடாது. அடுத்த சனிக்கிழமையும் விடியும்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
தேவதானம்.